மலிவாக விற்பதே டம்பிங் ஆகிவிடாது

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அம்பத்தூரில் எவர்சில்வர் கிச்சன் சிங்க் செய்கிறீர்கள். 304 கிரேடு தகட்டைச் சீனாவிலிருந்து இறக்குகிறீர்கள், இங்கே வாங்குவதைவிட விலை குறைவு என்பதால். உள்நாட்டு ஆலைகள் மறுபடியும் வரி கேட்கப் போகின்றன என்று மார்க்கெட்டில் பேச்சு. ‘மலிவாக விற்பது எப்படிக் குற்றமாகும்? ஆன்டி டம்பிங், சிவிடி இரண்டையும் சேர்த்து எங்கள் தலையில் கட்டுவார்களா? எங்களைப் போன்ற சின்ன யூனிட் சொல்வதை யாராவது காதில் வாங்குவார்களா?’ என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். (தன் நாட்டில் விற்பதைவிடக் குறைந்த விலைக்கு இன்னொரு நாட்டுக்கு அனுப்புவது டம்பிங், அதற்கு எதிரான வரி ஆன்டி டம்பிங். வெளிநாட்டு அரசின் மானியத்தை ஈடுகட்டப் போடும் வரி சிவிடி.) முதல் இரண்டுக்கும் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. மூன்றாவதுதான் உங்கள் மனதில் உள்ள கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கும் பதில் உண்டு, ஆனால் அதற்கு முன்னால் மற்ற இரண்டையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

நான் காஸ்ட் அக்கவுண்டன்ட். பத்தொன்பது வருடமாக இந்த வழக்குகளுக்குக் கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. வரி கேட்கும் ஆலைகளுக்கும் வேலை பார்த்திருக்கிறேன், வரி வேண்டாம் என்ற இறக்குமதியாளர்களுக்கும் பார்த்திருக்கிறேன். கீழே சட்டம் என்று நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். என் கருத்தாகச் சொல்வதைக் கருத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள். வரி வருமா, எவ்வளவு வரும் என்று மட்டும் யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். விசாரணை முடியும்வரை அது அதை நடத்தும் அதிகாரிக்கே தெரியாது.

சரி, முதல் கேள்வி. மலிவாக விற்பது குற்றமே இல்லை. இந்திய ஆலை கிலோ 190 ரூபாய்க்கு விற்கும் தகட்டைச் சீன ஆலை 170க்குக் கொடுத்தால் அது டம்பிங் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அந்த இரண்டு விலைகளை ஒப்பிடச் சொல்லவில்லை. சுங்கக் கட்டணச் சட்டம் 1975, பிரிவு 9ஏ சொல்வது வேறு: ஏற்றுமதி செய்பவர் தன் சொந்த நாட்டில் அந்தப் பொருளை என்ன விலைக்கு விற்கிறார், நமக்கு என்ன விலைக்கு அனுப்புகிறார்? இரண்டையும் ஆலை வாசல் விலைக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். கப்பல் கூலி, காப்பீடு, கமிஷன், கடன் நாள் வட்டி எல்லாவற்றையும் கழித்துவிட வேண்டும். அப்படிக் கழித்த பிறகும் தன் நாட்டு விலையைவிட நமக்குக் குறைவாக விற்றால் அந்த வித்தியாசம்தான் டம்பிங் மார்ஜின். அது 2 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அந்த ஏற்றுமதியாளர் மீது வழக்கே இல்லை. ஒருவர் உண்மையிலேயே திறமையாகச் செய்து தன் ஊரிலும் மலிவாக விற்கிறார் என்றால் அவரை இந்தச் சட்டம் தொட முடியாது.

ஆனால் உங்கள் விஷயத்தில் இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, அதன் உள்நாட்டு விலைகள் சந்தையால் தீர்மானிக்கப்பட்டவை என்று மற்ற நாடுகள் ஏற்க வேண்டியதில்லை என்ற நிபந்தனையோடு சேர்ந்தது. அந்த நிபந்தனையின் ஒரு பகுதி 2016 டிசம்பரில் காலாவதியானது. அதோடு எல்லாமே முடிந்தது என்பது சீனாவின் வாதம். இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா மூன்றுமே அதை அப்படியே ஏற்கவில்லை. இந்திய நடைமுறையில், தங்கள் கணக்குகள் சந்தை முறையில்தான் நடக்கின்றன என்று சீன ஆலை நிரூபிக்காவிட்டால் அதன் உள்நாட்டு விலையை எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பெரும்பாலான சீன ஆலைகள் அந்த நிரூபணத்துக்கு முயற்சி செய்வதே இல்லை. அப்புறம் என்ன செய்வார்கள்? விதிகளில் சில மாற்று வழிகள் உண்டு. கடைசியில் பல வழக்குகளில் வந்து நிற்பது இந்தியாவில் ஆகும் உற்பத்திச் செலவின் மேல் நியாயமான லாபம் சேர்த்த தொகை. ஆக, ‘இந்திய விலையோடு ஒப்பிட்டுத்தானே வரி போடுகிறார்கள்’ என்று உங்கள் நண்பர்கள் சொல்வது சட்டப்படி தவறு என்றாலும், சீனா விஷயத்தில் நடைமுறையில் பாதி உண்மை. எனக்கே இந்த இடம் திருப்தியாக இருந்ததில்லை. ஆனால் விதி இப்படித்தான் இருக்கிறது.

டம்பிங் இருக்கிறது என்று காட்டிவிட்டால் மட்டும் வரி வந்துவிடாது. உள்நாட்டுத் தொழிலுக்குக் கணிசமான பாதிப்பு வந்திருக்க வேண்டும், அந்தப் பாதிப்பு இந்த இறக்குமதியால்தான் வந்தது என்றும் காட்ட வேண்டும். விற்பனை, லாபம், உற்பத்தித் திறன் பயன்பாடு, சரக்குத் தேக்கம், வேலைவாய்ப்பு என்று வரிசையாகப் பார்ப்பார்கள். ஆலையில் மூன்று மாதம் மெஷின் பழுதாகி நின்றதால் நஷ்டம் என்றால் அதை இறக்குமதியின் கணக்கில் எழுத முடியாது. இந்தக் காரணத் தொடர்புதான் வழக்குகளில் மிகவும் இழுபறியான பகுதி. எண்கள் கையில் இருந்தாலும், எது எதனால் நடந்தது என்பதில் நேர்மையான இரண்டு பேர் வேறு வேறு முடிவுக்கு வரலாம்.

வரித் தொகை எப்படி வருகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். சொந்த நாட்டு விலை, அல்லது அதற்குப் பதிலாக எடுத்த விலை, ஆலை வாசலில் டன்னுக்கு 2100 டாலர். நமக்கு அனுப்பும் விலை ஆலை வாசலில் 1900. டம்பிங் மார்ஜின் 200 டாலர். இப்போது அதே தகடு கப்பல் செலவு சேர்த்து 2000க்கு சென்னைத் துறைமுகம் வருகிறது, 7.5 விழுக்காடு அடிப்படைச் சுங்க வரி சேர்த்தால் 2150. உள்நாட்டு ஆலை பாதிப்பில்லாமல் விற்க வேண்டிய நியாய விலை என்று ஒன்றைக் கணக்கிடுவார்கள். மூலப்பொருள், மின்சாரம் எல்லாவற்றையும் திறமையாகப் பயன்படுத்தியதாக வைத்து, போட்ட மூலதனத்துக்கு வழக்கமாக 22 விழுக்காடு வருமானம் சேர்த்து வரும் விலை அது. அது 2270 என்று வைத்துக்கொள்வோம். 2150க்கும் 2270க்கும் உள்ள வித்தியாசம் 120 டாலர். இதற்குப் பெயர் இஞ்சுரி மார்ஜின். 200, 120 இரண்டில் எது குறைவோ அதுதான் வரி. இது லெஸ்ஸர் டியூட்டி விதி. உலக வர்த்தக அமைப்பு இதைக் கட்டாயமாக்கவில்லை, செய்தால் நல்லது என்று மட்டுமே சொல்கிறது. அமெரிக்கா இதைப் பின்பற்றுவதில்லை. இந்தியா தன் விதிகளிலேயே எழுதிவைத்திருக்கிறது. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 120 டாலர் என்பது கிலோவுக்குப் பத்து ரூபாய்க்குச் சற்று மேல். நான்கு கிலோ எடையுள்ள சிங்க் ஒன்றுக்கு நாற்பது ரூபாய். உங்கள் லாபம் ஒரு சிங்குக்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். இந்த நாற்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதில் ஒரு சொல் குழப்பம் இருக்கிறது. பழைய கிளியரிங் ஏஜென்ட் யாராவது உங்களிடம் ‘சிவிடி’ என்று சொல்லியிருந்தால் அவர் வேறு ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால், உள்நாட்டுக் கலால் வரிக்குச் சமமாக இறக்குமதியின் மேல் ஒரு கூடுதல் வரி இருந்தது. அதைத்தான் துறைமுகத்தில் எல்லோரும் சிவிடி என்பார்கள். 2017 ஜூலை 1 முதல் அதன் இடத்தை ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதியின் மேல் வரும் ஜிஎஸ்டி, எடுத்துக்கொண்டது. பழக்கதோஷத்தில் இன்றும் சிலர் ஐஜிஎஸ்டியை சிவிடி என்கிறார்கள். நாம் பேசும் கவுன்டர்வெயிலிங் டியூட்டி அது இல்லை. இது அதே சட்டத்தின் பிரிவு 9இன் கீழ் வருவது, வெளிநாட்டு அரசு கொடுத்த மானியத்தை ஈடுகட்டப் போடும் ஈட்டு வரி.

டம்பிங் என்பது ஒரு கம்பெனி எடுக்கும் விலை முடிவு. மானியம் என்பது ஓர் அரசு எடுக்கும் முடிவு. அரசு வங்கி குறைந்த வட்டிக்குக் கடன் கொடுப்பது, நிலத்தைச் சும்மா கொடுப்பதுபோல் கொடுப்பது, மூலப்பொருளை அரசு நிறுவனம் வழியாக மலிவாகத் தருவது, வருமான வரியில் சலுகை என்று பல வடிவத்தில் அது வரும். மூன்று விஷயம் இருந்தால்தான் அதன் மீது ஈட்டு வரி போடலாம்: அரசிடமிருந்து நிதி உதவி போயிருக்க வேண்டும், அதனால் அந்த நிறுவனத்துக்கு ஆதாயம் கிடைத்திருக்க வேண்டும், அந்த உதவி எல்லோருக்கும் பொதுவாக இல்லாமல் குறிப்பிட்ட தொழிலுக்கோ வட்டாரத்துக்கோ போயிருக்க வேண்டும். ஊருக்கே போட்ட சாலையில் அந்த ஆலையின் லாரியும் ஓடுகிறது என்பது மானியம் ஆகாது. விசாரணை தொடங்கும் முன்பே அந்த நாட்டு அரசைப் பேச்சுக்கு அழைக்க வேண்டும் என்பதும் விதி. ஒரு நாட்டின் கொள்கையையே குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடுவதால் இந்தியா நெடுங்காலம் இந்தப் பக்கம் போகத் தயங்கியது. 2016 ஜனவரியில் காற்றாலைக்கான சீன வார்ப்புகள் மீது போட்ட ஈட்டு வரி இங்கே இந்த வரியின் ஆரம்பகால வழக்குகளில் ஒன்று.

இரண்டையும் சேர்த்துப் போடுவார்களா? பிரிவு 9பி இதற்கு நேராகப் பதில் சொல்கிறது: ஒரே டம்பிங் அல்லது ஏற்றுமதி மானிய நிலைமையைச் சரிசெய்ய இரண்டு வரிகளையும் ஒரே பொருளின் மேல் போடக்கூடாது. உள்நாட்டு மானியத்துக்கு ஈட்டு வரியும் தனியாக டம்பிங் வரியும் இருக்கலாம், ஆனால் ஒரே காயத்துக்கு இரண்டு தடவை மருந்துச் செலவு வாங்க முடியாது. உங்கள் பொருளிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2017 செப்டம்பரில் சீனாவின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, காயில் (சுருளாக வரும் தகடு) மீது, ஹாட் ரோல்டு (சூடாக உருட்டியது), கோல்டு ரோல்டு (ஆறிய பின் உருட்டியது) இரண்டுக்கும், துறைமுக விலையில் 18.95 விழுக்காடு ஈட்டு வரி போட்டார்கள். அறிவிக்கையிலேயே, செலுத்த வேண்டிய ஆன்டி டம்பிங் டியூட்டியை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது.

இந்தத் தகட்டின் கதையையே சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வரிகள் நிஜத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று அதில் தெரியும். கோல்டு ரோல்டு ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு 2010இல் சீனா, ஜப்பான், கொரியா, ஐரோப்பிய ஒன்றியம், தைவான் உட்படப் பல இடங்களின் மேல் டம்பிங் வரி வந்தது. 2015இல் மறுஆய்வு செய்து மேலும் ஐந்தாண்டு நீட்டித்தார்கள். அதே 2015 ஜூனில் 304 கிரேடு ஹாட் ரோல்டு தகட்டுக்குச் சீனா, கொரியா, மலேசியா மூன்றின் மேலும் டன்னுக்கு 180 முதல் 316 டாலர் வரை வரி. கோல்டு ரோல்டு வரி 600 மில்லிமீட்டரிலிருந்து 1250 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள தகட்டுக்கு மட்டும்தான். ஓரம் வெட்டாத காயில் என்றால் 30 மில்லிமீட்டர் வரை கூடுதல், வெட்டியது என்றால் 4 மில்லிமீட்டர் என்று சலுகை அளவும் கொடுத்திருந்தார்கள். என்ன நடந்தது? அந்த அளவைத் தாண்டிய அகலத்தில் காயில்கள் வரத் தொடங்கின. இங்கே இறங்கியதும் ஸ்லிட்டிங் லைனில் ஏற்றி, இரண்டு ஓரத்திலும் ரிப்பன் மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, 1250 தகடாகச் சந்தைக்குப் போனது. அந்த ஓரம் கிழித்த துண்டுகள் சுருள் சுருளாக ஸ்கிராப் மூலையில் குவிந்து கிடந்ததை நானே ஒரு பட்டறையில் பார்த்திருக்கிறேன். வரியைவிட ஸ்கிராப் நஷ்டம் குறைவு, கணக்கு அவ்வளவுதான். உள்நாட்டு ஆலைகள் புகார் கொடுத்தன, வரி ஏய்ப்புத் தடுப்பு விசாரணை நடந்தது, 2017 அக்டோபரில் 1250க்கு மேல் அகலமுள்ள தகட்டுக்கும் வரியை நீட்டித்தார்கள். நிஜமாகவே அகலத் தகடு தேவைப்பட்டவர்களுக்கு, அதை அகலமாகவே பயன்படுத்துகிறோம் என்று காட்டி விலக்குப் பெற வழி வைத்தார்கள். ஆனால் அந்தக் காகித வேலை அவர்கள் தலையில் விழுந்தது. ஏய்த்தவர்களால் ஒழுங்காக வாங்கியவர்கள் சிரமப்பட்டார்கள்.

பிறகு 2020இல் உருக்கு விலை ஏறியது. 2021 பட்ஜெட்டில் நிதி அமைச்சர், சிறு குறு தொழில்கள் இரும்பு விலை ஏற்றத்தால் கடுமையாக அடிபட்டிருக்கின்றன என்று சொல்லி, அந்த 18.95 விழுக்காட்டை நிறுத்திவைத்தார். இந்தோனேசியத் தகட்டின் மேல் 2020 அக்டோபரில் போட்ட தற்காலிக ஈட்டு வரியும் போனது. 2022 பட்ஜெட்டில் உலோக விலை உயர்வையும் பொது நலனையும் காரணம் சொல்லிச் சீன வரியை முழுதாகவே நீக்கினார்கள். ஐந்து வருடத்துக்கு என்று போட்ட வரி மூன்றரை வருடத்தில் நின்றது. அதை நம்பி முதலீடு செய்த ஆலைக்கும் சரி, அது இருக்கும் என்று நினைத்து விலை போட்ட இறக்குமதியாளருக்கும் சரி, அது அதிர்ச்சிதான்.

முடிவு யார் கையில் என்பதும் இதில் தெரிகிறது. விசாரிப்பது வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்ககம், சுருக்கமாக டி.ஜி.டி.ஆர். 2018இல் இந்தப் பெயரில் வந்தது. அவர்கள் செய்வது பரிந்துரை மட்டும். வரி விதிப்பது நிதி அமைச்சகம், பரிந்துரை வந்த மூன்று மாதத்துக்குள். முன்பெல்லாம் பரிந்துரை வந்தால் வரி வந்தது என்றே அர்த்தம். கடந்த சில ஆண்டுகளில் பரிந்துரை செய்தும் விதிக்காமல் விட்ட வழக்குகள் கணிசம். அதனால்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன், எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இதில் ஜோசியம் சொல்ல முடியாது.

உங்கள் அன்றாட வேலைக்குத் தேவையான சில விஷயங்கள். 2025 ஏப்ரலில் செய்தியில் அடிபட்ட 12 விழுக்காடு வரி உங்களுடையது இல்லை. அது சாதாரண, கலப்பு உருக்குத் தகடுகளுக்கான பாதுகாப்பு வரி, சேஃப்கார்டு டியூட்டி. டம்பிங், மானியம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லாமல் இறக்குமதி திடீரென்று பெருகினால் போடுவது. ஸ்டெயின்லெஸ் அதில் விலக்கப்பட்டிருந்தது. அடுத்தது, தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு உள்ள ஆசியான் ஒப்பந்தத்தில் அடிப்படை வரி இல்லாமல் வரும் தகடு என்றாலும் டம்பிங் வரிக்கு அந்த ஒப்பந்தம் கவசம் ஆகாது. கட்டும் டம்பிங் வரிக்கு ஜிஎஸ்டியில் இன்புட் கிரெடிட் கிடையாது, அது முழுக்கச் செலவு. அதன் மேல் ஏறும் ஐஜிஎஸ்டிக்கு மட்டும் கிரெடிட் உண்டு. நீங்கள் ஆர்டர் கொடுத்த தேதி எதற்கும் உதவாது. சரக்கு வந்து பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் படிவம்) போடும் நாளில் எந்த வரி நடப்பில் இருக்கிறதோ அதுதான். விசாரணை தொடங்கி 60 நாள் ஆன பிறகு தற்காலிக வரி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால், அந்தக் கட்டத்தில் நீண்டகால ஆர்டர் போடுபவர்கள் வரி வந்தால் யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் எழுதிக்கொள்வது நல்லது. முழுக்க ஏற்றுமதிக்கே இயங்கும் யூனிட்டுகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் நீங்கள் உள்ளூரில் விற்பதால் அது பொருந்தாது.

அறிவிக்கையைப் படிக்கும்போது விழுக்காட்டை மட்டும் பார்க்காதீர்கள். பொருள், எந்த நாட்டில் உற்பத்தி, எங்கிருந்து ஏற்றுமதி, உற்பத்தியாளர், தொகை என்று அட்டவணையில் தனித்தனிப் பத்திகள் இருக்கும். விசாரணையில் ஒத்துழைத்துக் கணக்கைக் காட்டிய ஆலைக்குக் குறைவான தொகை, சில சமயம் பூஜ்யம்கூட. பெயர் இல்லாத மற்ற எல்லோருக்கும் அதிகபட்சத் தொகை. ஒரே நாட்டிலிருந்து வரும் ஒரே தகட்டுக்கு ஆலைக்கு ஆலை வேறு வேறு வரித் தொகை இருப்பது இதனால்தான். குறைந்த தொகையைக் கேட்க வேண்டும் என்றால் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில் (தகடு செய்த ஆலை தரும் சோதனைச் சான்றிதழ்) உள்ள ஆலையின் பெயர் அறிவிக்கையில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், ஹீட் நம்பர் (எந்த உருக்கலில் செய்தது என்று காட்டும் எண்) காயிலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு பொருந்த வேண்டும். டிரேடர் கொடுத்த பொதுவான சர்டிபிகேட்டை நம்பி இறக்கிய ஒருவர், குறைந்த வரி ஆலையின் பெயர் காகிதத்திலும் வேறு ஆலையின் ஸ்டிக்கர் காயிலிலும் இருந்ததால் மாதக்கணக்கில் சரக்கை எடுக்க முடியாமல் டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) கட்டியது எனக்குத் தெரியும்.

இந்த வரி நல்லதா என்ற கேள்வியும் இதோடு எழும். ஆலைகளின் பக்கமும் உண்மை இருக்கிறது. நம் சேலம் உருக்காலை எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிறது. சீனாவின் மிதமிஞ்சிய உற்பத்தித் திறனோடு அப்படி ஓர் ஆலை விலையில் மட்டும் மோதி நிற்க முடியாது. அந்த ஆலைகள் மூடிவிட்டால் நாளை சீன ஆலை சொல்வதுதான் விலை, அன்றைக்கு நீங்களும் தப்ப முடியாது. மறுபக்கம், வரி வந்ததும் உள்நாட்டு விலையும் இறக்குமதி விலையை ஒட்டி ஏறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதில் எவ்வளவு வரியால், எவ்வளவு நிக்கல் விலையால் என்று துல்லியமாகப் பிரிப்பது கடினம். 304இல் எட்டு விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் இருக்கிறது, இந்தோனேசியா 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்ததுபோல் ஒரே முடிவு கணக்கையே மாற்றிவிடும். என் கருத்து இது: ஆலைக்குப் போட்ட வரி உங்களைப் போன்றவர்கள் செய்யும் சிங்குக்கும் பாத்திரத்துக்கும் பாதுகாப்பில்லாமல் வந்தால், தகடு வருவதற்குப் பதில் முழுச் சிங்கே வெளியிலிருந்து வரும். இதைப் பரிந்துரை எழுதும் இடத்தில் எடுத்துச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது.

இதே ஆயுதம் நம் மேலும் பாய்கிறது. 2021 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கோல்டு ரோல்டு ஸ்டெயின்லெஸ் தகட்டின் மேல் 13.9 முதல் 35.3 விழுக்காடு வரை டம்பிங் வரி போட்டது, 2022 மார்ச்சில் ஈட்டு வரியும் சேர்த்தது. இங்கே இறக்குமதிக்கு எதிராக வாதாடிய தொழில், அங்கே எதிர்த்தரப்பில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது மூன்றாவது கேள்வி. சட்டப்படி உங்கள் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும். பொருளைப் பயன்படுத்தும் தொழிலுக்குத் தகவல் கொடுக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பது 1995 ஆன்டி டம்பிங் விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் காதில் விழ வேண்டும் என்றால் காகிதத்தில் இருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் தில்லியில் நாடாளுமன்றச் சாலை ஜீவன் தாரா கட்டடத்தில் ஒரு வாய்மொழி விசாரணை. நான் வேறொரு தரப்புக்காகப் போயிருந்தேன். பாத்திரம் செய்பவர்கள் சங்கத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் ராத்திரி ரயிலில் வந்திருந்தார்கள். மஞ்சள் பையிலிருந்து ஒரு சாம்பார் வாளியை எடுத்து மேஜை மேல் வைத்தார்கள். தகடு என்ன விலை, கூலி என்ன, பாலிஷ் என்ன, கடைக்காரர் என்ன கொடுக்கிறார் என்று ஒருவர் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினார். அறையில் எல்லோரும் கேட்டோம். அவர் சொன்ன கணக்கில் ஒரு பிழைகூட இல்லை. முடிந்ததும் அதிகாரி மரியாதையாக, இன்னும் சில நாளில் இதை எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னதை எழுத்தில் கொடுத்தால்தான் கணக்கில் சேரும் என்றார். சரி என்று போனார்கள். கொடுக்கவில்லை. இறுதி அறிக்கையில் அவர்கள் தரப்பைப் பற்றி இருந்தது, பயன்பாட்டாளர்கள் பாதிப்புக்குச் சான்று எதுவும் அளிக்கவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம். அந்த வாளி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மாலையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

எழுத்தில் என்ன கொடுப்பது? வரி வேண்டாம் என்று பொதுவாகக் கெஞ்சுவதால் பயன் இல்லை. வரி வந்தால் உங்கள் செலவு எத்தனை விழுக்காடு ஏறும் என்ற கணக்கு, அதை விலையில் ஏற்ற முடிந்ததா இல்லையா என்பதற்கு முந்தைய வரிக் காலத்து இன்வாய்ஸ்கள், உங்கள் யூனிட்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற சம்பளப் பட்டியல். இதற்கென்றே பயன்பாட்டாளர் கேள்விப் படிவம் ஒன்றும், பொருளாதார நலன் குறித்த படிவம் ஒன்றும் இருக்கின்றன. ரகசியமான எண்களைத் தனிப் பிரதியில் கொடுத்து, மற்றவர்களுக்குக் காட்டும் பிரதியில் மறைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட வலுவான வாதம் விலக்குக் கேட்பது. நீங்கள் பயன்படுத்தும் குறிப்பிட்ட தகட்டை, அந்த கிரேடில், அந்தத் தடிமனில், அந்த ஃபினிஷில் உள்நாட்டு ஆலைகள் தயாரிக்கவே இல்லை என்று காட்டினால் அதை வரம்பிலிருந்து நீக்க வேண்டும். கோல்டு ரோல்டு வழக்கில் 441, 443 போன்ற கிரேடுகள் அப்படித்தான் விலக்கு பெற்றன. ஆழமாக இழுத்துச் செய்யும் சிங்குக்கு, கிழியாமல் இழுபடும் டீப் டிரா தரம் வேண்டும் என்றால், உள்நாட்டு ஆலைக்கு நீங்கள் ஆர்டர் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலும், முடியாது என்றோ ஆறு மாதம் ஆகும் என்றோ அவர்கள் போட்ட பதிலும், அவர்கள் தகட்டில் இழுக்கும்போது மூலையில் விரிசல் விட்ட துண்டின் படமும் சோதனை அறிக்கையும் இருந்தால் அது சான்று. ‘அவர்கள் தரம் சரியில்லை’ என்று வாயால் சொன்னால் சான்று இல்லை. விலை அதிகம் என்பதற்காகவும் விலக்குக் கிடைக்காது.

தனியாகச் செய்யாதீர்கள். அம்பத்தூர், கிண்டி, கோயம்புத்தூர் பக்கம் இதே தகடு வாங்கும் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே மனுவாகக் கொடுக்கலாம், எண்களுக்கு எடையும் கூடும். கடந்த மூன்று வருட பில் ஆஃப் என்ட்ரிகளை கிரேடு, தடிமன், ஆலை வாரியாக ஒரு எக்ஸெல் தாளில் இப்போதே போட்டு வையுங்கள், விசாரணை அறிவிப்பு வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது. அறிவிப்பு டி.ஜி.டி.ஆர். இணையதளத்திலும் அரசிதழிலும் வரும், உங்கள் வீட்டுக்குத் தபாலில் வராது. அது வந்தால் பதிவு செய்துகொள்ளவும் பதில் கொடுக்கவும் வழக்கமாக 30 நாள் அவகாசம். படிவத்தில் எங்காவது சிக்கினால் இங்கேயே கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.